கீழிருந்து ஏறும் குளிர்

குளிர் மேலிருந்தே வருகின்றது என்னும் எண்ணம் மனிதர் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. பனி மேலிருந்து இறங்குகின்றது. அதற்கு மாற்றாகப் போர்வையும் மேலேயே போர்த்தப்படுகின்றது. முதுகுப்புறத்தைப் பற்றி எவரும் கவலைகொள்வதில்லை. பாயோ மெத்தையோ நிலமோ அதனைப் பார்த்துக்கொள்ளும் என்பது கேள்விக்குட்படாத நம்பிக்கை. இந்நம்பிக்கை பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய தொங்குபடுக்கையில் உறங்குபவனுக்குக் கீழே நிலமும் இல்லை, மெத்தையும் இல்லை. ஒற்றைத் துணியும் அதற்குக் கீழே இரவுக் காற்றும் மட்டுமே உள.

தொங்குபடுக்கை வெப்பநாட்டார் கண்ட பொருள். 1492 ஒக்ரோபரிற் பகாமாத் தீவுகளை அடைந்த கொலம்பசு, அங்குள்ளோர் பருத்தி வலைகளைப் போன்ற படுக்கைகளில் உறங்குவதைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். 'அமாக்கா' என்னும் தைனோ மொழிச் சொல்லே ஸ்பானியத்தினூடாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்தது. ஈரநிலம், எறும்பு, பாம்பு ஆகியவற்றினின்றும் உறங்குபவனை உயர்த்தி வைத்ததோடு, முதுகின் கீழே ஓயாத காற்றோட்டத்தையும் அப்படுக்கை தந்தது. புழுக்கம் மிக்க இரவில் இதனினும் நல்ல படுக்கை வேறில்லை. மெக்சிக்கோவின் யூக்கற்றான் பகுதியிற் கட்டிலைவிட அதனையே விரும்பும் குடும்பங்கள் இன்றும் பல. ஆங்கிலேயக் கடற்படை 1597இல் அதனை ஏற்றுக்கொண்டது. போர்க்கப்பலின் கீழ்த்தட்டில் ஒரு மாலுமியின் படுக்கைக்கு 14 அங்குல அகலமே ஒதுக்கப்பட்டது. அந்நெருக்கத்தில் அயலவனின் உடற்சூடே ஒருவனுக்குப் பாதிப் போர்வையாயிற்று எனலாம். (கப்பலில் இறந்தவனை அவனது படுக்கைத் துணியிலேயே வைத்துத் தைத்துக் கடலில் இறக்கும் வழக்கமும் இருந்தது. அது வேறு கதை.) ஆயின் அதே படுக்கை குளிர்நாட்டு மலைக்காடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, வெப்பநாட்டார் விரும்பிய காற்றோட்டமே உறங்குபவனுக்குப் பகையாயிற்று.

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, தாவரவியலில் மேற்படிப்புக்கென அமெரிக்கா சென்ற ஒருவர் இதனை உடலால் அறிந்தார். ஜோர்ஜியாவிலிருந்து மெயின் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையின் தென்பகுதியில், வெளிக்கள ஆய்வின் பொருட்டு ஒக்ரோபர் மாதத்துச் சில இரவுகளை அவர் காட்டிற் கழிக்க நேர்ந்தது. அவர் குளிருக்குப் புதியவர் அல்லர். தையிலும் மாசியிலும் புல்நுனிகளில் உறைபனி படிவதைச் சிறுவயதிலேயே கண்டவர். எனவே முதலிரவிலே தடித்த உறங்குபையொன்றினுள் நுழைந்து, அதற்கு மேல் ஒரு கம்பளியையும் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு இதமாக இருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மார்பு சுட்டது, முதுகோ விறைத்துப் போயிருந்தது. இருந்த மேலங்கியையும் எடுத்து மேலே போட்டுப் பார்த்தார். மூன்று மணிக்குப் பற்கள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின.

இது வெறும் அசௌகரியம் அன்று. மனித உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியசு அளவினது. அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் மருத்துவர் அதனை ஆபத்தெனக் கொள்வர். அந்நிலையில் முதலிற் கெடுவன விரல்களின் திறனும் அறிவின் தெளிவுமேயாம். கயிற்றை அவிழ்க்க வேண்டிய விரலும், அவிழ்க்க வேண்டும் என உணரவேண்டிய மூளையும் ஒருசேரத் தளர்கின்றன. ஒரு மிடறு சாராயம் சூடேற்றும் என நம்புவோர் பலர் இருக்கின்றனர். அது தோலின் குருதிக் குழாய்களை விரித்துச் சூடு ஏறுவதுபோற் காட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். காட்டிலே அதனினும் தீய நண்பன் இல்லை.

மேலே எத்துணை போர்த்தும் முதுகு ஏன் குளிர்ந்தது? ரம்போட் பிரபு என அறியப்பட்ட பெஞ்சமின் தொம்சன் 1792இல் உரோமம், இறகு, பட்டு முதலியவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் இதற்குரிய விடை உண்டு. வெம்மையைக் காப்பது இழையன்று. இழைகளுக்கிடையிற் சிக்கி அசையாது நிற்கும் வளியே. போர்வை வெப்பத்தைத் தருவதுமில்லை. உறங்கும் உடலே ஏறத்தாழ 70 உவாற்று அளவில், ஒரு சிறு மின்குமிழைப் போல, வெப்பத்தை வெளிவிடுகின்றது; போர்வை அதனை ஓடவிடாது நிறுத்துகின்றது. அசையாத வளி மிகச் சிறந்த காவலி. அதன் வெப்பக்கடத்தாறு நீரினுடையதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அறுபது எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் உறங்குபையின்மேற் கிடக்கும்போது, முதுகின் கீழே அகப்பட்ட இறகெல்லாம் நசுங்கி, இடையிலிருந்த வளி முழுவதும் வெளியேறிவிடுகின்றது. எஞ்சுவது இரண்டு துணித் தடிப்பு மட்டுமே. தன்னைக் காக்க வேண்டியதைத் தன் எடையாலேயே உறங்குபவன் அழித்துவிடுகின்றான். நிலத்திற் கிடப்பவனுக்கும் இது நிகழும். ஆயின் அவனுக்குக் கீழே காற்று வீசுவதில்லை. தொங்குபவனுக்கோ மேற்காவுகை இரவு முழுவதும் முதுகைத் துடைத்துச் செல்கின்றது.

இதற்குக் கண்ட வழியே கீழ்ப்போர்வை. வாத்தின் மென்தூவியோ செயற்கை இழையோ நிரப்பிய அப்போர்வை படுக்கைக்கு உள்ளே விரிக்கப்படுவதில்லை. படுக்கைக்கு வெளியே, அதன் அடிப்புறத்தைத் தழுவியவாறு, இறப்பர் இழை கொண்ட கயிறுகளால் தனியே தொங்கவிடப்படுகின்றது. உடலின் பாரத்தைப் படுக்கைத் துணி தாங்குகின்றது. கீழ்ப்போர்வை எதையும் தாங்குவதில்லை. ஆதலால் அதன் தூவி உப்பி நிற்கின்றது. இத்துணை எளிய எண்ணம் அம்மனிதருக்கு அந்த இரவிலே தோன்றவில்லை என்பதில் வியப்பில்லை. மேலே போர்த்தும் பழக்கம் அவ்வளவு வலியது.

வாரக் கடைசியிலே தொலைபேசியில் நிகழ்ந்ததைக் கூறியபோது, தாயார் சிரித்தாராம். "மேல எத்தன போத்துனாலும் அடியில காத்து ஏறும்ல ஐயா? ஒன்னயத் தொட்டில்ல போடுறப்ப பழைய கம்பளிய ரெண்டா மடிச்சு அடியிலதானே போட்டேன்." அவர் கொழுந்தெடுத்த காலத்திலே, மழையில் தலையை மூடிய அதே கம்பளியே இரவிற் சேலைத்தொட்டிலின் அடியிலும் கிடந்தது. யாழ்ப்பாணத்தார் ஏணை என வழங்கும் அத்துணித் தொட்டிலும் ஒரு தொங்குபடுக்கையே. ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. நான்கு கிலோகிராம் குழந்தை மடித்த கம்பளியை நசுக்குவதில்லை. ஆதலால் உள்ளே இட்டாலும் அது பயன் தந்தது. வளர்ந்த மகனுக்கு அதே கம்பளி வெளியே தொங்கவேண்டியிருந்தது. தாய் கூறியது சரி. மகனின் எடைதான் இடையிற் கூடிவிட்டது.

கீழ்ப்போர்வையை வாங்கிக் கட்டிவிட்டதோடு காரியம் முடிவதில்லை. கயிறு தளர்ந்திருப்பின் முதுகுக்கும் போர்வைக்கும் இடையே வெளியொன்று தோன்றும். படுக்கை அசையுந்தோறும் அவ்வெளியிலிருந்து சூடேறிய வளி வெளியே தள்ளப்பட்டுக் குளிர்வளி உட்புகும். கயிறு மிக இறுகியிருப்பின் தூவி உடலோடு நசுங்கி, முன்னைய குறையே மீண்டும் வந்துசேரும். தொட்டும் அழுந்தாத நிலையே வேண்டப்படுவது. வெறும் படுக்கையிற் சரியாகத் தோன்றும் இறுக்கம் ஆள் ஏறியதும் பிழையாகிவிடும். ஆதலால் படுத்த பின்னர்ப் பக்கவாட்டிற் கையைச் செலுத்தித் தடவிப் பார்ப்பதே முறை. தலைப்புறத்தையும் காற்புறத்தையும் சுருக்கி மூடாவிடின், நடுவில் எவ்வளவு தடிப்பிருந்தும் அது இருபுறமும் திறந்த குழாய்தான்.

இனி, குளிரை மட்டும் அஞ்சினாற் போதாது. முன்னிரவிற் போர்வையை முழுவதும் இறுக்கிக்கொள்பவன் வியர்க்கின்றான். அவ்வியர்வையின் ஆவி கீழிறங்கித் தூவியினுள் ஈரமாகப் படிகின்றது. ஈரமான தூவி திரண்டு சோர்ந்து தன் உப்பலை இழக்கின்றது. பத்து மணிக்கு மிகுந்த சூட்டுக்கு நான்கு மணிக்கு விலை கொடுக்கவேண்டி வரும். அந்நான்கு மணியும் சாதாரண வேளையன்று. உறங்கும் உடலின் வெப்பநிலை வைகறையை அண்டியே மிகத் தாழ்கின்றது. காட்டின் வெப்பநிலையும் கதிரவன் எழுவதற்குச் சற்று முன்னரே அடித்தளத்தைத் தொடுகின்றது. இரு தாழ்வுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் வேளையிலே, கயிற்றைத் திருத்த வேண்டியவன் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கின்றான். அமேசன் காட்டு யனோமாமி மக்கள் தொங்குபடுக்கையின் அருகே சிறு தீ வளர்த்து, இரவிடையே எழுந்து விறகைத் தள்ளிவிடுவர். அங்கும் ஒருவர் விழித்தேயாகவேண்டும். விழிக்காமற் கிடைக்கும் வெம்மை என ஒன்று தொங்குபடுக்கையில் இல்லை என்றே தோன்றுகின்றது.

அம்மாணவர் பின்வந்த இரவுகளில் இதற்கென ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். கீழ்ப்போர்வையின் கயிற்றிலே சிறு இடைவெளிகளில் ஐந்து முடிச்சுகளை இட்டார். படுக்கும்போது காற்புறத்தை இரண்டாம் முடிச்சிற் சற்றே திறந்து வைப்பார். நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வரும்போது மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ இழுத்துவிடுவார். விளக்கு வேண்டியதில்லை, விரல் தடவி அறியும். மழையிரவுகளில் மட்டும் இக்கணக்குப் பிழைத்தது. ஈரம் பட்ட நைலோன் துணி தளர்ந்து உடல் கீழே தாழ, தூவி நசுங்கத் தொடங்கியது. அவ்விரவுகளில் அவர் ஒரு முடிச்சுப் பின்வாங்கவேண்டியிருந்தது.