விம்கோவுக்கும் நகருக்கும் நடுவில்

மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கிக் கிடந்த 2023 டிசம்பர் முதல் வாரம். நான் பெங்களூரில் இருந்தேன். நண்பர்கள் வடசென்னைக்குப் பாலும் பிரெட்டும் கொண்டுபோவதாகச் சொன்னார்கள், அவர்களுக்காக ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அங்கிருந்து வந்த கோரிக்கைகள் வரிசையாகத் தெரியும். எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று போட்டுப் பார்த்தேன், ஓடியது.

இரவு அம்மா போன் பண்ணினார். "எல்லாப் பக்கமும் வண்டி போவுதாம், விம்கோ நகருக்கு மட்டும் ஏண்டா யாரும் வரல?"

நண்பனைக் கேட்டேன். "உங்க ஏரியால தேவை எதுவும் இல்லன்னு காட்டுதே மச்சான்." டேட்டாபேஸில் 11 கோரிக்கைகள் இருந்தன. அம்மா போட்டதும் அதில் ஒன்று.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒற்றை வரி எழுதியிருந்தேன். கேள்விக்குறியை வெட்டு, & வரும் இடங்களில் உடை, ஒவ்வொரு துண்டையும் = குறியில் உடை, டீகோட்யூஆர்ஐகாம்பொனென்ட்டில் போட்டு எடு. சுருக்கமாக எழுதியதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எச்டிஎம்எல் படிவம் இந்த முறையில் அனுப்பும்போது இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றிவிடும். தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாகப் போகும். ஒரு யூனிகோட் குறிக்கு 3 பைட், ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. 'விம்கோ நகர்' என்பதில் 10 குறிகள், ஆக 90 எழுத்து, நடுவே ஒரு கூட்டல். என் வரி அந்த 90-ஐயும் சரியாகத் தமிழாக்கியது. கூட்டலைத் தொடவில்லை, அதை மாற்றுவது அந்த ஃபங்ஷனின் வேலையும் இல்லை. 'விம்கோ+நகர்' என்ற ஊர் பட்டியலில் எங்கே இருக்கும்? நான் சோதித்த ஊர்கள் எல்லாமே ஒற்றைச் சொல். எங்கள் ஊருக்கு மட்டும் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கமும் 'நகர்' என்ற சொல்லும் தனித்தனியாக நிற்கிற பெயர்.

பிரவுசரிலேயே இருக்கும் யூஆர்எல்சர்ச்பாராம்ஸைப் போட்டேன். அதுவும் ஒரு வரிதான். மதிப்புக்குள் = வந்தாலும் சிதறாது, வாட்ஸ்அப்பில் பாதியில் அறுந்த சதவீதக் குறி வந்தாலும் பிழை வீசாது, ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கெட்ஆல் எல்லாவற்றையும் தரும்.

ஆனால் உடனே வேறொன்று உடைந்தது. லிங்க்கில் தொலைபேசி எண்ணை +91 என்று நானே கையால் ஒட்டியிருந்தேன். இப்போது அந்தக் கூட்டல் இடைவெளியாகிவிட்டது, அதன் விதிப்படி அது சரிதான். பிரிக்கிற இடத்தில் எதுவும் செய்ய முடியாது. லிங்க் கட்டும் இடத்துக்குப் போய் எண்ணை என்கோட் செய்தேன்.

மறுநாள் காலை வண்டி போனது. "ராத்திரி என்னடா ஆச்சு?" என்றார் அம்மா. "ஸ்பேஸ் பிரச்சினைம்மா" என்றேன். வண்டி நிறுத்த இடமில்லை போல என்று அவர் எடுத்துக்கொண்டார்.