ஆணையில் இல்லாத காரணம்

அந்தேரியில் திரையரங்கம் கட்ட ஒருவருக்கு வழங்கியிருந்த அனுமதியை 1947-இல் பம்பாய்க் காவல் ஆணையர் இரத்து செய்தார். அரசின் பணிப்பின்படி இரத்தாகிறது என்பதே அக்கடிதத்தின் சாரம். சட்டமோ முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆணையருக்கே தந்திருந்தது. வழக்கு வந்தபின், முடிவு தம்முடையதே என்று அவர் பிரமாணப் பத்திரத்தில் விளக்கினார். கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கு எனப்படும் அதில், ஆணையின் பொருளை அதன் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும், அதிகாரி பின்னர் தரும் விளக்கத்தைக் கொண்டு அன்று என நீதிபதி விவியன் போஸ் 1951-இல் தீர்ப்பெழுதினார்.

பெரோஸ்பூர் மக்களவைத் தொகுதியின் மறுவாக்குப்பதிவு பற்றிய மொகிந்தர் சிங் கில் வழக்கில், 1977-இல், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதனை விரித்துரைத்தார். ஆணையில் எழுதாத காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தின் வழியே புகுத்தலாகாது. நிருவாகச் சட்ட மாணவர்க்கு மனப்பாடமான பத்தி அது. (மனுதாரர் அவ்வழக்கில் தோற்றார் என்பது மட்டும் பலருக்கு நினைவிருப்பதில்லை. தேர்தல் தகராறுக்குத் தேர்தல் மனுவே வழி என்று அரசமைப்பின் 329(ஆ) பிரிவு குறுக்கே நின்றது.)

இந்த விதியின் உண்மையான சோதனை நீதிமன்றத்தில் அன்று, அரசு வழக்கறிஞரின் மேசையில் நிகழ்கிறது. ஓய்வூதியத்தை நிறுத்தும் இரண்டு வரி ஆணை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். காரணம் இல்லை, விளக்கம் கேட்கும் அறிவிப்பும் இல்லை. ரிட் மனு வந்ததும் துறை பத்திவாரிக் குறிப்புரை அனுப்பும். அதிலிருந்து பதினைந்து பக்க எதிர்வாதுரை உருவாகும். ஆணையிட்டவர் மாறுதலில் சென்றிருப்பார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று பின்வந்தவர் சத்தியம் செய்வார். ஆணையிட்ட நாளிலேயே கோப்பில் காரணம் பதிவாகியிருந்தால் அது வேறு. நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம். வழக்கறிஞரின் மேசையில் பிறந்த காரணத்துக்கு அந்தத் தகுதி ஏது?

ஆணையைத் திரும்பப் பெற்று, உரியவரைக் கேட்டபின் புதிதாகப் பிறப்பியுங்கள் என்று அறிவுரை கூறுவதே நேர்மையான வழி. அது அரிதாகவே நடக்கிறது. திரும்பப் பெறுவதற்கு ஒருவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். வழக்கில் தோற்பதற்கு யாரும் கையொப்பமிட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, இரயில்வே ஆட்சேர்ப்புத் தேர்வு முறைகேடு பற்றிய 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொதுநலன் கருதிப் பின்னர் கிடைத்த ஆதாரத்தையும் பார்க்கலாம் என்றது. தேர்வில் பெருமளவு முறைகேடு நடந்த அவ்வழக்குக்கு அது பொருந்தும். தனியொருவரின் ஓய்வூதியத்தை நிறுத்தியதற்கும் எதிர்வாதுரைகள் அதே பொதுநலனைத்தான் துணைக்கு அழைக்கின்றன.

இதற்கிடையே அரசுத் தரப்பு நான்கு வாரம் அவகாசம் கேட்கும். ஓய்வூதியர் அடுத்த வாய்தாவைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்புவார்.