மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று... 16 மணி நேரம் வானத்தில்!

சென்னை மீனம்பாக்கத்தில் நள்ளிரவுக்கு மேல்தான் கூட்டம் களைகட்டும். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற பல விமானங்கள் ஊர் உறங்கும் நேரத்தில்தான் புறப்படுகின்றன. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து உள்ளே விடுகிற காவலருக்கு இந்தப் பக்கம், ஒவ்வொரு இரவும் சில குடும்பங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு குடும்பம். அப்பாவின் மணிவிழாவுக்காக டல்லாஸிலிருந்து அம்பாசமுத்திரம் வந்த மகள், இரண்டு பிள்ளைகளோடு திரும்புகிறார். மூத்தவளுக்கு 4 வயது. சின்னவனுக்கு 11 மாதம். லீவு தீர்ந்துபோய் கணவர் 5 வாரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார். தோஹா வரை சுமார் நாலரை மணி நேரம். அங்கே சிறிது காத்திருப்பு. பிறகு டல்லாஸுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம்.

“தனியா எப்படிட்டி சமாளிப்ப?” என்று பத்தாவது முறையாகக் கேட்கிறார் ஆச்சி. மகளிடம் பதில் இல்லை. உடம்பு அலுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளை வீறிட்டு அழும்போது திரும்பிப் பார்க்கிற முகங்களை நினைத்தால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சமாளிப்பு என்பது டிக்கெட் போடும் நாளிலேயே தொடங்கிவிட்டது. 2 வயது ஆகாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை; மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. போகும்போது 2 ஆகாமல், திரும்பும்போது ஆகியிருந்தால், திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியே தீர வேண்டும். ஊருக்கு வந்த உற்சாகத்தில் இதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது தொட்டில். விமானத்தில் தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில்தான் ‘பேசினெட்’ மாட்ட இடம் இருக்கும். எண்ணிக்கை கொஞ்சம்தான் என்பதால் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். எடை வரம்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். கால் நீட்ட இடம் கிடைக்கிறதே என்று அந்த வரிசையை எல்லோரும் விரும்புவார்கள். அதன் குறைகள் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். முன்னால் இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விட வேண்டும். சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்கவும் முடியாது. அதனால் அந்த அம்மா ஒரு டயப்பர், ஈரத் துடைப்பான், பால் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட் மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளிலேயே மாட்டியிருந்தார். பெரிய பையைவிட அந்தத் துணிப்பைதான் பயணம் முழுக்கக் கைகொடுத்தது.

விமானம் மேலே ஏறும்போது சின்னவன் பால் குடித்துக்கொண்டிருந்தான். அது தற்செயல் அல்ல. காற்றழுத்தம் மாறும்போது காது அடைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது. தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுத்தால் விழுங்கும்போது அடைப்பு விடும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வலி கூடுதல். பலர் செய்கிற தவறு, தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும் என்று தரையிறங்கும் வரை விட்டுவிடுவது. இறங்கத் தொடங்கியதுமே மெல்ல எழுப்பிப் பால் கொடுத்துவிடுவது நல்லது. சளி பிடித்த பிள்ளை என்றால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

தோஹாவில் இறங்கியபோது பொழுது விடிந்திருந்தது. ஹமாத் விமான நிலையத்தின் நடுக்கூடத்தில் மஞ்சள் கரடி பொம்மை ஒன்று, தலைக்குள் விளக்கு சொருகியபடி உட்கார்ந்திருக்கிறது. உயரம் சுமார் 7 மீட்டர். சுவிட்சர்லாந்துக் கலைஞர் உர்ஸ் ஃபிஷர் செய்தது. பார்த்தால் பஞ்சு பொம்மை, உண்மையில் வெண்கலம். தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டு வந்த மூத்தவள், அதைப் பார்த்ததும் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். “இது ஏன் அழுவுது?” என்று கேட்டாள். கரடியின் முகம் அப்படித்தான் இருக்கிறது, கொஞ்சம் சோகமாக.

அதே நிலையத்தில் அமெரிக்கச் சிற்பி டாம் ஓட்டர்னஸ் உருவாக்கிய வெண்கல உருவங்களும் உண்டு. பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடவே செய்யப்பட்டவை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு போனைப் பார்க்கத் தோன்றும். அங்கே ஓடவிட்டால்தான் அடுத்த விமானத்தில் தூங்குவார்கள். மூத்தவள் ஓடினாள், சின்னவன் பளபளக்கும் தரையில் தவழ்ந்தான். அழுக்காயிற்றே என்று யோசித்துப் பிறகு விட்டுவிட்டார் அம்மா. மாற்று உடுப்பு பையில் இருந்தது. தனக்கும் ஒன்று வைத்திருந்தார். பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது பிள்ளையின் சட்டை மட்டும் அல்லவே!

இரண்டாவது விமானம்தான் உண்மையான பரீட்சை.

காலையில் கிளம்பி மேற்கே போகிற விமானம் இது. 16 மணி நேரம் பறந்தும் டல்லாஸில் அதே நாள் மாலைதான். ஜன்னலை மூடினால் இரவு, திறந்தால் பகல். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல வைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஊட்டியில் 16 மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் போல. ஆனால் ஊட்டியின் ஈரம் இல்லை. காற்று வறண்டு கிடக்கும். உதடு காயும், மூக்கு எரியும், பிள்ளை காரணம் தெரியாமல் சிணுங்கும். அடிக்கடி தண்ணீரும் பாலும் கொடுத்தாலே பாதிச் சிணுங்கல் அடங்கிவிடும்.

குழந்தைகளுக்கான தனிச் சாப்பாட்டை முன்பே சொல்லிவைத்தால் மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து தருவார்கள். மூத்தவள் அதிலிருந்த கேக்கை மட்டும் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிட்டாள். ஆச்சி கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லிதான் பசியாற்றியது. சின்னவனுக்குப் பொட்டலமாகக் கட்டிய வறுத்த சத்துமாவு. பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டுக் கரைத்தாயிற்று.

விளையாட்டுச் சாமான்களை அவர் ஒரேயடியாக வெளியே எடுக்கவில்லை. ஸ்டிக்கர் புத்தகம், உருண்டு ஓடாத முக்கோணக் கிரேயான், ஒரு குட்டி பஸ், எல்லாவற்றையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பிரிக்கிற சுவாரசியத்திலேயே பத்து நிமிடம் போய்விடும். திரையில் கார்ட்டூன் பார்க்கக் கொடுக்கிற ஹெட்போன் பிள்ளைகளின் தலையில் நிற்காது. சின்னதாக ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தார். கழிப்பறையில் ஃபிளஷ் போடும் சத்தம் பெரியவர்களையே தூக்கிவாரிப் போடும். மூடியை மூடி, மகளின் காதைப் பொத்தச் சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார்.

தூங்க வைக்க இருமல் மருந்தோ அலர்ஜி மருந்தோ கொடுக்கலாம் என்று உறவில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் தவிப்பைத்தான் தரும்.

சின்னவனைத் தொட்டிலில் போட்டதும் அழுதான். அம்பாசமுத்திரத்தில் அவன் தூங்கியது ஆச்சியின் பழைய நூல் சேலைத் தூளியில். இந்தத் தொட்டில் ஆடவில்லை. அம்மா பையிலிருந்து அந்தச் சேலையின் ஒரு துண்டை எடுத்து விரித்தார். சோப்பும் ஆச்சியின் வெற்றிலையும் கலந்த வாசனை அதில் இன்னும் இருந்தது. கால் மணி நேரத்தில் உறங்கிப்போனான். அரை மணிக்குள் விமானம் குலுங்க, பெல்ட் விளக்கு எரிந்தது. அப்போது குழந்தையைத் தொட்டிலில் விடக் கூடாது. எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்தார். விழித்தான். வீறிட்டான்.

அவர் பயந்த முகங்கள் திரும்பின. சிலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து, சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டி, வேற்று மொழியில் ஏதோ சொன்னார். விளக்கு அணைந்த பிறகு கையை நீட்டினார். அம்மா தயங்கினார், பிறகு பார்வைக்கு எட்டுகிற தூரத்தில் நடைபாதையில் நான்கு முறை நடந்து காட்டட்டும் என்று கொடுத்தார். அந்தச் சில நிமிடங்களில்தான் அவர் ஆறிப்போன காபியைக் குடித்தார்.

மூத்தவளைத் தூங்க வைக்க ஒரு ஏற்பாடு இருந்தது. ஆச்சி சொன்ன கதைகளை போனில் பதிவு செய்து வைத்திருந்தார். “ஒரு ஊருல ஒரு ஆமை இருந்துச்சாம்” என்று குரல் வந்ததுமே, மகளின் உதடு பிதுங்கியது. “ஆச்சி எங்க?” என்று தேம்பித் தேம்பி அழுதாள். சமாதானம் செய்யச் செய்ய அழுகை கூடியது. போனை அணைத்துவிட்டார். எல்லா யோசனையும் பலிப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். “மறுபடி போடு. ஆமை என்னாச்சு?” ஆமை ஆற்றைக் கடப்பதற்குள் தூங்கிப்போனாள்.

இறங்குவதற்கு முன், சாப்பாட்டுத் தட்டில் மிச்சமிருந்த ஆப்பிளை மகள் பையில் போட்டதைப் பார்த்து எடுத்துவிட்டார் அம்மா. பழங்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோனால் சிக்கல். விமானத்தில் கொடுத்தது என்ற சமாதானம் சுங்கத்தில் எடுபடாது. பிள்ளைகள் பையில் என்ன போடுகிறார்கள் என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டல்லாஸில் வெளியே வந்தபோது அப்பா பலூனோடு நின்றார். மூத்தவள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். சின்னவன் முகத்தைத் திருப்பி அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். ஐந்து வாரம் அவனுக்கு நீண்ட காலம். அப்பாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. காருக்கு நடக்கிற வழியில்தான் அவன் மெல்லத் திரும்பி, அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

இனி ஒரு வாரத்துக்கு வீட்டில் நடுராத்திரி 2 மணிக்கு விளக்கு எரியும். அம்பாசமுத்திரத்தில் அப்போது மத்தியானம். ஆச்சி சாப்பிட்டுவிட்டு போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.