நிஜமாகவே வருவீர்களா?

வேறு மாநிலத்தில் வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, 'ஹிந்தி தெரியணுமா சார்?'

டெல்லியில் சில வருஷம் ஆள் எடுக்கும் கமிட்டியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,180 கிலோமீட்டர். உங்கள் பயோடேட்டாவைப் புரட்டுகிறவருக்கு ஹிந்தியைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு: 'இந்தப் பையன் நிஜமாகவே வருவானா?'

பதிலைக் கடிதத்தின் முதல் பாராவிலேயே எழுதிவிடுங்கள். 'தேர்வானால் 30 நாளில் அங்கே வந்து சேர்கிறேன்.' அவ்வளவுதான். அங்கேயிருக்கும் சித்தப்பா விலாசத்தைப் போட்டு உள்ளூர்க்காரர் வேஷம் கட்ட வேண்டாம். 'நாளைக் காலை பத்து மணிக்கு வாங்க' என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் போதும். அங்கே பல படிவங்களில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா பெயரை எழுதுங்கள். ஆதார், பான், சர்ட்டிபிகேட் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வேலையில் சேர்ந்ததும் ஆபீஸே உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடும். அப்பாவுக்குச் சந்தோஷம்தான்.

இன்டர்வியூவுக்கு நேரில் கூப்பிட்டால், டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம். முதல் சுற்றை வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா? போக்குவரத்துச் செலவு உண்டா? இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் புனேக்குக் கூப்பிட்டார்கள். அம்மா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். பெண் தயங்கித் தயங்கி இமெயில் போட்டாள். 'வேலை கேக்கறவ இதெல்லாம் கேக்கலாமாடி?' என்று அம்மாவுக்குப் பதற்றம். சாயங்காலமே பதில் வந்தது: வீடியோவிலேயே பேசலாம். பேசினாள். தேறவில்லை. ஆனால் வளையல் தப்பித்தது.

'வெளி மாநிலத்தானை எடுப்பாங்களா?' என்ற பயமும் பலருக்கு உண்டு. ஹரியானா, தனியார் வேலைகளில் 75 சதவிகிதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று சட்டம் போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் கோர்ட் கதவைத்தான் திறந்து வைக்கும். உள்ளே இருப்பவருக்கு நம்பிக்கை வர வேண்டியது நம்மால்தான்.

அதனால் கடைசியாக ஒன்று. சேருகிறேன் என்று சொன்ன பிறகு நம்ம ஊரிலேயே வேலை கிடைத்தால், தாராளமாகச் சேருங்கள். ஆனால் அங்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள். போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையனின் விண்ணப்பம் அதே மேஜைக்கு வரும். அப்போது அவருக்கு உங்கள் ஞாபகம்தான் வரும்.