எட்டு ஜன்னல் வைத்த அறை... எழுத உட்கார்ந்ததும் ஒரு திரை! - மைசூரில் ஆர்.கே.நாராயண் வீடு

மைசூர் டூர் என்றதும் நம் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். காலையில் அரண்மனை, மதியம் ஜூ, மாலையில் பிருந்தாவன் கார்டன். நேரம் மிச்சமிருந்தால் சாமுண்டி மலை. ஊருக்குத் திரும்பும்போது கையில் மைசூர்பாவும் சந்தன சோப்பும்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற ஒரு முகவரி இருக்கிறது. மைசூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் போய்விடலாம். யாதவகிரி, விவேகானந்தா சாலை. அங்கே இரண்டு தளங்கள் கொண்ட ஒரு பழைய வீடு. மாடியில், வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கும் சின்ன அறை. அந்த ஒரு அறைக்கு மட்டும் எட்டு ஜன்னல்கள்!

'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்', 'மால்குடி டேஸ்', 'தி கைடு' புத்தகங்களைத் தந்த ஆர்.கே.நாராயண் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இது. எழுதுவதற்கென்றே அவர் பார்த்துப் பார்த்து அமைத்த அறை அது. இன்று இந்த வீடு அருங்காட்சியகம். ஆனால் 2011-ல், இது இடிபட்டு மண்ணாகப் போக வேண்டிய வீடு.

இங்கிலீஷில் ஃபெயிலான பையன்

நாராயண் பிறந்தது 1906 அக்டோபர் 10-ம் தேதி, சென்னையில். வளர்ந்தது புரசைவாக்கத்தில், பாட்டியின் வீட்டில். அப்பா தலைமை ஆசிரியர். அவருக்கு மைசூரில் வேலை அமைய, குடும்பம் அங்கே குடியேறியது. மகனும் மைசூருக்கு வந்து சேர்ந்தார்.

பிற்காலத்தில் ஆங்கில எழுத்தால் உலகமெங்கும் பேர் வாங்கியவர், கல்லூரியில் சேர்வதற்கான தேர்வில் தோற்றது எந்தப் பாடத்தில் தெரியுமா? ஆங்கிலத்தில்! அதனால் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. அந்த வருடத்தில்தான் அவருக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பது. இன்னொன்று, ஊரைச் சுற்றி நடப்பது.

அவர் நடந்த பாதைகளில் ஒன்று குக்கரஹள்ளி ஏரிக்கரை. மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-ல் வெட்டப்பட்ட ஏரி. கவிதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாராம் இளைஞர் நாராயண். இன்றைக்கும் விடியற்காலையில் ஏரிக்கரை முழுக்க வாக்கிங் போகிறவர்கள். மைசூரில் ஒரு காலை நேரம் கிடைத்தால், அரண்மனைக்கு முன்னால் இங்கே போய்விடுவது நல்லது. நாராயணின் எழுத்து தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

பாட்டி பார்த்த நல்ல நாள்

1930 செப்டம்பர். அப்போது அவர் பெங்களூரில் இருந்தார். ஒரு நல்ல நாளைப் பாட்டி பார்த்துச் சொல்ல, கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தார். முதல் நாவலைத் தொடங்க அவர் கையில் இருந்த கருவிகள் அவ்வளவுதான்... ஒரு பேனா, ஒரு நோட்டு, பாட்டி குறித்துக் கொடுத்த நாள்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மனதில் ஒரு சின்ன ரயில் நிலையம் வந்து நின்றது. அதன் பெயர்ப் பலகையில் 'மால்குடி'. பிளாட்பாரத்தில் சுவாமிநாதன் என்ற பையன் ஓடிக்கொண்டிருந்தான். இந்தியாவின் எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த ஊர் அப்படித்தான் பிறந்தது என்று தன் சுயசரிதையான 'மை டேஸ்' நூலில் சொல்லியிருக்கிறார் நாராயண்.

நாவலை எழுதியாயிற்று. பதிப்பாளர்தான் கிடைக்கவில்லை. லண்டனில் பலரிடமிருந்து திரும்பித் திரும்பி வந்த கைப்பிரதி, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பரிடம் போய்ச் சேர்ந்தது. வெறுத்துப்போன நாராயண், 'அதில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு' என்று நண்பருக்கு எழுதிவிட்டார். நண்பர் ஆற்றில் போடவில்லை. எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனுக்குப் பிடித்துப்போனது. 1935-ல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளியானது.

அங்குலக் கணக்கில் சம்பளம்

புத்தகம் வந்ததால் வீட்டில் அடுப்பு எரிந்துவிடவில்லை. 1934-ல் நாராயணுக்குத் திருமணம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜத்தைப் பார்த்தார். பிடித்துப்போனது. நேராகப் பெண்ணின் அப்பாவிடமே போய்ப் பேசிவிட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னதையும் மீறித்தான் கல்யாணம் நடந்தது.

குடும்பச் செலவுக்காக, சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' நாளிதழுக்கு மைசூர் நிருபர் ஆனார். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை அளந்து, அங்குலக் கணக்கில் பணம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், மார்க்கெட் என்று அலைவார். கொலை, திருட்டு, ஊர்க்கூட்டம் என எது கிடைத்தாலும் மதியத்துக்குள் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும்.

பணம் பெரிதாக வரவில்லை. ஆனால் ஊர் மொத்தமும் அவருக்குப் பழக்கமானது. யார் எப்படிப் பேசுவார், எந்த மூலையில் எவர் கடை போட்டிருக்கிறார், வக்கீல் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போனது. சயாஜி ராவ் ரோட்டையும், பூக்குவியலும் குங்குமக் குவியலுமாக இருக்கும் தேவராஜ மார்க்கெட்டையும் இன்று சுற்றிப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். மால்குடிக்கு ஆள் சேர்த்த இடங்கள் இவை. 1941-ல் நாராயண் 'இந்தியன் தாட்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். மூன்று இதழ்களோடு அது நின்றுபோனது. ஆனால் அதை அச்சடித்துக் கொடுத்த மைசூர் அச்சகக்காரர், 'மிஸ்டர் சம்பத்' நாவலின் நாயகனாக நிலைத்துவிட்டார்.

பேனா நின்றுபோன காலம்

1939-ல் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். கல்யாணமாகி ஐந்தே வருடம். கையில் மூன்று வயதுக் குழந்தை ஹேமா. நாராயணால் எழுத முடியவில்லை. நடையும் நோட்டும் பேனாவும் எல்லாம் இருந்தும் ஒரு வரி வரவில்லை.

மீண்டும் எழுத வந்தபோது, அந்தத் துக்கத்தையே எழுதினார். 1945-ல் வெளியான 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில், மனைவியை டைபாய்டுக்குப் பறிகொடுக்கும் ஆசிரியர் கிருஷ்ணனின் கதை பெரும்பகுதி நாராயணின் சொந்தக் கதைதான். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. லட்சுமிபுரத்தில் அம்மா, சகோதரர்கள் என்று கூட்டுக் குடும்பத்தில் மகளை வளர்த்தார். பிற்காலத்தில் கார்ட்டூனிஸ்டாக நாடறிந்த ஆர்.கே.லக்ஷ்மண் அவருடைய கடைசித் தம்பி.

யாதவகிரி வீடு அதற்குப் பிறகு வந்தது. மேட்டுப்பாங்கான இடம், அப்போது அக்கம்பக்கத்தில் அதிகம் வீடுகள் இல்லை. கட்டி முடிக்கவே சில வருடங்கள் ஆயின. முதலில் இந்த வீட்டை அவர் எழுதுவதற்கான இடமாகத்தான் வைத்துக்கொண்டார். சாப்பாடு, குடும்பம் எல்லாம் லட்சுமிபுரத்தில். எழுத மட்டும் யாதவகிரிக்கு நடை.

எட்டு ஜன்னலும் ஒரு திரையும்

இப்போது மாடிக்குப் போகலாம்.

எட்டு ஜன்னல் அறையில் உட்கார்ந்தால் எல்லாத் திசையும் தெரிய வேண்டும் என்பதுதான் நாராயணின் திட்டம். தெரியவும் செய்தது. தெற்கே சாமுண்டி மலைக் கோயில். கிழக்கே நகரத்தின் கோபுரங்களும் குவிமாடங்களும். சுற்றிலும் புல்வெளியில் மேயும் ஆடு மாடுகள். தூரத்தில் குறுக்கே போகும் ரயில். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிக்கலும் அதுதான். காட்சி அழகாக இருந்தது, எழுத்து நகரவில்லை. பேனாவைத் தூக்கினால் கண் ஜன்னலுக்குப் போனது.

கடைசியில் நாராயண் செய்தது எளிமையான ஒரு வேலை. மேசை பக்கத்திலிருந்த பெரிய ஜன்னலுக்குத் திரை போட்டார். பூப்போட்ட திரைகூட இல்லை. வெறும் சாம்பல் நிறம். நிமிர்ந்து பார்த்தால் ரசிக்க எதுவும் இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் நாளுக்கு ஆயிரம் சொற்கள் என்ற கணக்கு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆசையாக எட்டு ஜன்னல் வைத்துக் கட்டியவரே திரை போட்டுக்கொண்டார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு ஜன்னல்கள் வீணாகவில்லை. பார்ப்பதற்கு ஒரு நேரம், எழுதுவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டார். காலையில் நடக்கும்போது ஊர் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும். மேசைக்கு வந்ததும் திரை. செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும், லேப்டாப்பில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்தத் திரையின் அருமை புரியும்.

கே.ஆர்.எஸ். வற்றிய வருடம்

அப்படி ஊரில் பார்த்த ஒரு காட்சிதான் அவருடைய மிகப் புகழ்பெற்ற நாவலாக ஆனது.

காவிரிச் செய்தி வரும்போதெல்லாம் நம் காதில் விழும் பெயர் கே.ஆர்.எஸ். மைசூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒருமுறை கடும் பஞ்சம் வந்து, அந்தப் பெரிய அணையே வறண்டுபோனது. வெடித்துக் கிடந்த தரையில், அணை கட்டியபோது மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரிந்தது. மழை வேண்டி வேதியர்கள் சிலர், சிரமப்பட்டுக் கொண்டுவந்து நிரப்பிய முழங்கால் அளவு தண்ணீரில் நின்று 11 நாள் விரதமிருந்து ஜெபம் செய்தார்கள். 12-ம் நாள் மழை பெய்தது.

விருப்பமே இல்லாத ஒருவன் மீது 'சாமியார்' பட்டம் வந்து விழுந்து, ஊருக்காக அவன் விரதமிருக்க நேர்ந்தால்? 'தி கைடு' நாவலின் ராஜு அங்கிருந்து வந்தவன்தான்.

ஆனால் அந்த நாவலை நாராயண் எட்டு ஜன்னல் அறையில் எழுதவில்லை. 1956-ல் அமெரிக்கா போனபோது, கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு ஹோட்டல் அறையில் எழுதினார். சைவம். அறையிலேயே சோறு சமைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சாமுண்டி மலை இல்லை. முன்பின் தெரியாத ஊர். ஆனாலும் வற்றிய அணையும், மால்குடி ரயில் நிலையமும் பக்கம் பக்கமாக வந்தன. ராஜு கடைசியில் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று நாராயண் தயங்க, சாகத்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னார் கிரஹாம் கிரீன். நாராயண் எழுதிய முடிவைப் படித்துவிட்டு, 'மழை வந்ததா, ராஜு இறந்தானா?' என்று இன்றுவரை வாசகர்கள் விவாதிக்கிறார்கள். 1958-ல் வெளியான அந்த நாவலுக்கு 1960-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

இடிப்பதற்கு முன்...

முதுமையில் சென்னைக்கு வந்துவிட்டார் நாராயண். 2001 மே 13-ம் தேதி சென்னையிலேயே காலமானார். யாதவகிரி வீடு பூட்டியே கிடந்தது. 2011-ல் வீடு கைமாறி, இடிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. ஜன்னல், கதவுகளைப் பெயர்க்கும்போதுதான் செய்தி வெளியே தெரிந்தது. பத்திரிகைகளும் வாசகர்களும் குரல் கொடுக்க, இடிப்பு நின்றது.

எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதியவருக்குக் கர்நாடகத்தின் பொதுப் பணத்தில் நினைவில்லமா என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் மைசூர் மாநகராட்சியே வீட்டை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தது. 2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தது.

உள்ளே பிரமாண்டம் எதுவும் கிடையாது. அவர் அணிந்த கோட், சட்டைகள், மூக்குக் கண்ணாடி, புத்தகங்கள், விருதுகள், குடும்பப் புகைப்படங்கள். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எட்டு ஜன்னல் அறையில் நின்றால், அவர் பார்த்த புல்வெளி இப்போது இல்லை. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிவிட்டன.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து சதாப்தி, வந்தே பாரத், காவேரி எக்ஸ்பிரஸ் ரயில்கள் மைசூருக்குப் போகின்றன. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி - மைசூர் எக்ஸ்பிரஸ். கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாகச் சாலைப் பயணம். யாதவகிரி வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்பதால், ஊருக்குள் நுழையும்போதோ கிளம்பும்போதோ எட்டிப் பார்த்துவிடலாம். விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் குக்கரஹள்ளி ஏரி, பிறகு தேவராஜ மார்க்கெட், அதன் பிறகு இந்த வீடு என்று வரிசையாகப் போனால், நாராயணின் ஒரு நாளைக் கொஞ்சம் நடந்து பார்த்த மாதிரி இருக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், ரயிலிலேயே 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' கதையைச் சொல்லிவிடுங்கள். மாடியில் அந்த அறைக்குப் போனதும் அவர்கள் முதலில் ஜன்னல்களைத்தான் எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் திரையின் கதையைச் சொல்லலாம்.