நீ அனுப்பிய ஜப்பான் புத்தகம்

ஏற்காடு,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. "நீங்க மட்டும் படிச்சிட்டு நல்லா இருக்குன்னு எழுதாதீங்க, நாலு பேர்கிட்ட கொடுத்து அவங்க சொல்றதையும் எழுதுங்க" என்று கேட்டிருந்தாய். கொடுத்தேன். காப்பிப் பழம் பறிக்கிற காலம், தோட்டத்தில் யாருக்கும் கை ஒழிவதில்லை. இருந்தும் படித்தார்கள், சண்டையும் போட்டார்கள். அதனால்தான் பதில் தாமதம்.

புத்தகத்தை நீட்டும்போது எல்லோரிடமும் நான் சொன்னது ஒன்றுதான். யூகிச்சி யாமாமாட்சு என்ற ஜப்பான் ஓவியர், மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரைந்து பிழைப்பவர், 2004-ல் தன் 56-ஆவது வயதில் டெல்லிக்கு வருகிறார். இந்தி தெரியாது. ஆங்கிலமும் அரைகுறை. இந்தியாவில் மங்கா இல்லை, இந்தியில் பெயர்த்து விற்றால் பணம் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. தங்க இடம் தேடி, மொழிபெயர்க்க ஆள் தேடி, அச்சடிக்க இடம் தேடி, கடைசியில் தெருவில் நின்று தானே கூவி விற்கிறார். கூட்டம் கூடுகிறது, வாங்குகிறவர்கள்தான் குறைவு. பிறகு ஊருக்குப் போய், பட்டதையெல்லாம் மங்காவாகவே வரைந்துவிட்டார். 'ஸ்டூபிட் கை கோஸ் டு இந்தியா' என்று அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது நம் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் என்றதும் எல்லோரும் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். 2008-ல் ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், சுபா கதைகளையெல்லாம் ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டார்களே, அதே பதிப்பகம்.

முதலில் வாங்கியவர் உன் சின்னத் தாத்தா. அவருடைய டிரங்குப் பெட்டி உனக்குத் தெரியும். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதிலிருந்து, 1984-ல் வந்த லயன் காமிக்ஸ் வரை, சிவகாசியிலிருந்து வந்ததை ஒன்று விடாமல் சேர்த்தவர். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்றதுமே முகம் சுளித்தார். முடித்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆள் ஒரு காரியத்திலயாவது ஜெயிச்சானா? எதுக்கு இவனுக்கு ஒரு புத்தகம்?" கோடும் கிறுக்கலாக இருக்கிறதாம், கதையும் நகரவில்லையாம். அவர் குறையாகச் சொன்னதைத்தான் நான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்று நினைக்கிறேன். மாயாவி கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தைப் புரட்டுவோம். இதில் நடப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் வாடகைக்கு அறை தேடுகிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை தேடுகிறார், பேரம் பேசித் தோற்கிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போகிறது. சின்னத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை, அவர் ஐம்பது வருட வாசகர்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா பாதியிலேயே மூடிக் கொடுத்துவிட்டார். நல்ல கோபம். "நம்ம ஊருக்கு வந்து, நம்ம சோத்தைத் தின்னுட்டு, நம்ம கக்கூஸைப் படம் போட்டிருக்கான். இதைக் காசு கொடுத்து வாங்கி நாமளே படிக்கணுமா?" என்றார். இந்தக் கோபத்தைத் தள்ளிவிடாதே கண்ணு. அவர் இந்த மலையில் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பங்களா இருக்கும், குளிர் இருக்கும், ஆரஞ்சும் பேரிக்காயும் இருக்கும். காட்டை வெட்டிச் செடி நட்டவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். அந்த வரிக்குள் அடைபட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர் வகுப்பில் உட்கார்ந்தார்கள். வெளியூர்க்காரன் பேனாவை எடுத்தாலே அவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் மீதிப் பாதியையும் அவர் படித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். டெல்லித் தெருவை இரக்கமில்லாமல் வரைகிற அந்த ஆள், அதைவிட இரக்கமில்லாமல் தன்னையே வரைகிறார். கத்துகிறார், பொறுமை இழக்கிறார், உதவ வந்தவரையும் சந்தேகப்படுகிறார். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஜீப் ஓட்டுகிற நம் தம்பிக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டான், மீதியை நான் சொன்னேன். அவன் ஜப்பான்காரரை விட்டுவிட்டு, அவரிடம் விலை சொல்கிறவர்களையே கவனித்திருக்கிறான். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் பகோடா பாயிண்ட், லேடிஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று சுற்றிக் காட்ட ஒரு விலை சொல்வோம், உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை சொல்வோம். "அந்த வெளியூர் விலையைக் கேக்கும்போது அவங்க முகம் எப்படி மாறும்னு நான் பாத்ததே இல்லக்கா, கண்ணாடி வழியா ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்" என்றான்.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் நம் வீட்டுக்கு வருவான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மலையாளி குடும்பத்துப் பிள்ளை. (சென்னையில் யாராவது கேரளாவா என்று கேட்டால், சேர்வராயன் மலையில் காலங்காலமாக இருக்கும் பழங்குடி என்று சொல்லு.) அவன் சொன்னதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் மனதில் ஓடியது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதியாகப் போட்ட ஜாதிகளும் பழங்குடிகளும் பற்றிய புத்தகத்தில் அவன் ஆட்களைப் பற்றியும் இருக்கிறது. கல்லூரி வேலைக்காக அதைப் படித்திருக்கிறான். "எங்க கல்யாணம், எங்க சாமி, எங்க துணி எல்லாம் எழுதியிருக்கார் அத்தை. எழுதினவர் எங்கே உட்காந்து எழுதினார், யார் அவருக்குத் தண்ணி கொடுத்தாங்க, அவரைப் பாத்து எங்க பாட்டிங்க சிரிச்சாங்களா, அது ஒண்ணும் இல்ல. இந்த ஜப்பான்காரர் படத்துக்குள்ளயே நிக்கிறார். நாலு பேர் சுத்தி நின்னு அவரை வேடிக்கை பாக்கிறாங்க" என்றான்.

இப்போது என் பங்கு. நீ முன்பு கொடுத்த ஒசாமு தெசுகாவின் 'புத்தா' மங்காவை நான் மறக்கவில்லை. 1972 முதல் 1983 வரை அவர் வரைந்த அந்தக் கபிலவஸ்து கண்ணுக்குள் நிற்கிறது. தத்தா என்ற அந்தப் பையனுக்காக அழுதிருக்கிறேன். அதோடு வைத்தால் யாமாமாட்சுவின் ஓவியம் ஏழை. ஆனாலும் இவரிடம்தான் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. டெல்லியில் விற்க அவர் எடுத்து வந்த மங்கா எது பார்த்தாயா? ஹிராட்டா ஹிரோஷி 1962-ல் வரைந்தது. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஜப்பானிய மக்களில் ஒருவன் வாளெடுக்கிற கதை. அந்த மக்களின் அமைப்பே எதிர்த்ததால் நெடுங்காலம் மறுபதிப்பு இல்லாமல் கிடந்தது. வேறு எத்தனையோ சாமுராய் கதை இருக்க, அதைக் கொண்டுவந்து நம் நாட்டுத் தெருவில் பரப்பியிருக்கிறார். ஜாதி இருக்கிற ஊரில் அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கூவுகிற கிழவரை நான் கோமாளி என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மலையைப் பற்றி நீ வரையத் தொடங்கியிருக்கும் பக்கங்களையும் இதோடு வைத்துப் பார்த்தேன். பனிமூட்டம் அழகு. ஏரிப் படகு, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, ஆர்க்கிட் பூ எல்லாம் அச்சாக இருக்கின்றன. உன் கை யாமாமாட்சுவின் கையைவிட நூறு மடங்கு தேர்ந்தது. ஆனால் அவற்றில் ஆளே இல்லை கண்ணு. விடுதிச் சுவரில் மாட்டுகிற படமாக நின்றுவிடுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வருகிறவள் நீதானே? அவளை வரை. உன் தாத்தா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். பழக் கூடையை எடை போட்டுப் பேரேட்டில் எழுதினவர். கூலி வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அவர் முகம் எப்படித் தெரிந்திருக்கும்? அதையும் வரை. பாக்சைட் வெட்டி எடுத்த சிவப்புப் பள்ளத்தைப் பார்த்துச் சின்ன வயதில் நீ "இங்கே யார் தோண்டினாங்க?" என்று கேட்டாய், நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியும் பதில் சொல்லாத எங்கள் முகங்களும் வரட்டும். என்னை அழகாக வரைய வேண்டும் என்று நினைக்காதே. வேலைக்கு வருகிற பெண்ணிடம் நான் சத்தம் போடுவதை நீ பார்த்திருக்கிறாய்.

வரைந்த பிறகு டீச்சரம்மாவிடம் கொடுக்கலாம். கோபப்பட்டாலும் எந்த இடத்தில் வலித்தது என்று சரியாகச் சொல்வார். நாகலூர்ப் பையனிடமும் கொடு. அவன் ஆட்களை நீ வரைவதாக இருந்தால் அவனைக் கேட்காமல் வரையாதே.

யாமாமாட்சு திரும்பவும் இந்தியா வந்ததைச் சொல்கிற இரண்டாவது புத்தகமும் இருக்கிறதாமே. பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. ஜீப் தம்பியும் நாகலூர்ப் பையனும் யார் முதலில் படிப்பது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். உன் 'புத்தா'வும் வேண்டும், டீச்சரம்மாவுக்குக் கொடுக்க நினைக்கிறேன். கம்பளிச் சட்டையை மறக்காதே.

அன்புடன்,
அத்தை