அவள் கையெழுத்து

பொருள்வயிற் பிரிவு என்று நம் முன்னோர் பெயரிட்ட பிரிவை, ஐதராபாத்தின் ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டைக்குப் பிழைப்பு நாடி வந்த நாமும் அறிவோம். வீடு பார்த்துக் குடும்பத்தை அழைத்து வரும் வரை, மனைவி ஊரிலும் கணவன் இங்குமாகக் கழிந்த ஆண்டுகள் நம்மில் பலர்க்கு உண்டு. அந்நாளில் இருவரையும் இணைத்தது இன்லண்ட் கடிதமே. 1972-இல் பின்கோடு வந்த பின், ஊர் முகவரிக்கு 6-இல் தொடங்கும் எண். நமக்கு 5-இல் தொடங்கும் எண்.

மனைவி நோயுற்றால் கடிதத்தின் நடையே மாறிவிடும். 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கி, மழையையும் விளைச்சலையும் விரித்துரைத்து, கடைசி மடிப்பில், 'அவளுக்குச் சற்றே காய்ச்சல், கவலை வேண்டாம்' என்று மாமனார் முடிப்பார். வேலைக்கு இடையூறு நேரலாகாது என்ற பரிவே அதற்குக் காரணம். நாமோ ஓரத்தில் அவள் எழுதும் ஒரு வரியைத் தேடுவோம். அது இல்லையெனில் அன்றிரவு உறக்கம் இல்லை. தந்தி அடிக்கவும் வீட்டார் தயங்குவர். தந்தி என்றாலே சாவுச் செய்தி என நடுங்கிய காலம் அது. அத்தந்தியும் 2013 ஜூலையில் விடைபெற்றது.

1908 நவம்பரில், தென்னாப்பிரிக்காவின் ஃபோக்ஸ்ரஸ்ட் சிறையிலிருந்த காந்தியடிகளுக்கு, கஸ்தூரிபாயின் கடும் நோய் பற்றித் தந்தி வந்தது. அபராதம் செலுத்தினால் வெளியேறலாம். அறப்போரின் பொருட்டு அவர் செலுத்தவில்லை. வர இயலாமையையும், நேரக்கூடிய மரணத்தையும் மறைக்காது மனைவிக்கே எழுதினார். அம்மையார் பிழைத்தெழுந்து 1944 வரை வாழ்ந்தார். அடிகளின் முடிவு அனைவர்க்கும் உடன்பாடாகாது. ஆயினும், அறிந்து முடிவெடுக்கும் உரிமை அவருக்குக் கிட்டியது. உண்மையைக் கணவர் வாயிலாகவே அறியும் உரிமை அம்மையாருக்குக் கிட்டியது. பரிவோடு மறைத்த கடிதங்கள் நமக்கும் நம் மனைவியர்க்கும் வழங்காதது அதுவே.

இன்று கைப்பேசியில் முகமே தெரிகிறது. ஆயினும், மருமகன் கடல் கடந்து சென்றிருக்க, மகள் நோயுற்றால், 'ஒன்றுமில்லை' என்ற பழைய சொல் நம் நாவிலும் எழக்கூடும். அவ்வேளையில் நாம் செய்யத்தக்கது ஒன்றே: கைப்பேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டு அகல்வது.